சம்பந்திக்குக் காட்டிய கப்பல்காரன் கல்

புதுக்கடை, ஞாயிறு.

அன்பு மகன் ஜெரிஷுக்கு அப்பா ராஜையன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே என் மானத்தைத் தவிர எல்லாம் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய், அதனால்தான் கடிதம். நீ தோஹாவிலிருந்து அனுப்பிய கறுப்புக் கண்ணாடியோடுதான் நேற்று உன் அம்மையும் நானும் வடசேரி பஸ் ஸ்டாண்டில், உனக்குப் பேசியிருக்கிற பிரீனாவின் அப்பா ஜாஸ்பர் சாரை வரவேற்றோம். அதிலிருந்த ஸ்டிக்கரை உரிக்கவில்லை. வலது பக்கம் மட்டும் மேகமூட்டம் என்றே சாயங்காலம்வரை நினைத்திருந்தேன்.

ஜாஸ்பர் சார் ரிட்டயர்டு சரித்திர வாத்தியாராச்சே. பெண்ணைத் தருவதா வேண்டாமா என்று வாயே திறக்கவில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் வந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற நான், எல்லாம் மனப்பாடம் என்று சொல்லித் தொலைத்தேன். குளச்சலில் டச்சுக்காரரை ஜெயித்ததற்கு நட்ட தூணைக் காட்டினால், அவர்தான் எனக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினார். அந்த வெட்கத்தில், ஆறு கடலில் சேருகிற தேங்காப்பட்டணத்துக்குக் கூட்டிப்போய், கடலரிப்புக்குக் கொட்டிய கற்குவியல்மேல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு கல்லைத் தொட்டு, "கப்பல்காரன் நட்ட கல்லாக்கும் சார், ஐந்நூறு வருசமிருக்கும்" என்று அடித்துவிட்டேன். சரித்திர வாத்தியார் சும்மா விடுவாரா? வலை உலர்த்திய இரண்டு பேரைக் கூப்பிட்டுப் புரட்டச் சொன்னார். பாதி உடைந்த கல். "அஸ்திபாரக்கல் நாட்டியவர்: திரு. ராஜையன்" என்று என் பேரே இருக்கிறது மக்கா. நம்ம சபையில் மதிலுக்கு நாலு செங்கல் வைத்தாலும் ஜெபம் பண்ணி, கல்லில் பேர் வெட்டிவிடுவார்களே. நான் கமிட்டியில் இருந்தபோது நாட்டியது. எதற்கென்று உனக்கே தெரியும். அதை இடித்த கல்லையும் மண்ணையும் இங்கேதான் கொட்டினார்கள் என்று யார் கண்டது?

சார் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எந்தக் கட்டடத்துக்குப் போட்ட கல்லு?"

கட்டடத்தின் பேர் இருந்த கீழ்ப்பாதியைக் காணோம். உன் அம்மை செல்லபாய், "அது நம்ம சபையில..." என்று தொடங்கினாள், காலை மிதித்தேன்.

"செஞ்ச நன்மைய நம்ம வாயால சொல்லப்பிடாது சார்."

அவர் என் தோளில் கையைப் போட்டு, பிரீனாவுக்கு நம்ம வீடுதான் என்றார். அடக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு பார்த்தாயா? நீயும் அப்படியே நடந்துகொள்.

கர்த்தர் உன்னையும் உன் வேலையையும் காக்கட்டும்.
அப்பா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஜாஸ்பர் சார் போன் பண்ணினார். டீ குடிக்கும்போது அவர் உட்கார்ந்திருந்ததே அந்தக் கீழ்ப்பாதிமேல்தானாம். உட்காருமுன்பே வாசித்துவிட்டாராம். "ஆண்கள் கழிப்பறை. நல்ல வெட்டெழுத்து" என்றார். பின்னே எதுக்கு சார் சம்மதிச்சிய என்று தொண்டைவரை வந்தது. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று போனை வைத்துவிட்டேன்.