ஏழாவது கதையில் வரும் ஆள் நானல்ல

அன்பும் அறிவும் நிரம்பிய, அடக்கம் மட்டும் சற்றுக் குறைந்த மருமகப்பிள்ளைக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று புத்தகத்தின் பின்னட்டைப் படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது. நீ அனுப்பிய சிறுகதைத் தொகுப்பு வந்து சேர்ந்தது, பன்னிரண்டு கதைகளையும் படித்து முடித்தேன். முதல் கதையில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, மூன்றாவதில் ஒருவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு அப்படியே நிற்கிறார், ஐந்தாவதில் ஒரு அம்மாள் ஊருக்குப் போகப் பெட்டி கட்டுகிறாள், கட்டுகிறாள், கதை முடியும்வரை கட்டிக்கொண்டே இருக்கிறாள். உன் அம்மா அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டு, “நம்ம பெட்டிதான்டா! பூட்டு உடைஞ்சதைக்கூட விடாம எழுதியிருக்கான்” என்று பூரித்துப்போனாள். அவள் சுபாவம் அப்படி. என் சுபாவம் அப்படியில்லை. ஏழாவது கதைக்கு வருகிறேன்.

அதில் ஓய்வுபெற்ற ஒருவர் ஒரே பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு ஒன்பது வருடமாக ஒரு தையல் கடைக்குப் போகிறார். ஒரு மாதம் ஒரு இன்ச் குறைக்கச் சொல்கிறார், மறுமாதம் அந்த இன்ச்சைப் பிரித்துவிடச் சொல்கிறார், கடைக்காரம்மாவிடம் சொல்ல வந்ததை மட்டும் சொல்லாமல் திரும்புகிறார். பழுப்புக் குடை, சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. யாரை நினைத்து எழுதினாய் அப்பா? விடுமுறையில் இரண்டு தடவை என் கூடவே கடைக்கு வந்தாயே, பாசத்தில் வருகிறாய் என்றல்லவா நினைத்தேன்! வயதானால் கால் ஒரு சமயம் வீங்கும், ஒரு சமயம் வாடும், பேன்ட் அதற்கேற்ப ஏறும் இறங்கும், இதில் என்ன அதிசயம்? பத்திரிகையில் ஒருவர், ‘இக்கதைகளின் மாந்தர் அனைவரும் முடங்கிக் கிடக்கிறார்கள், கடைசிப் பக்கத்தில் ஒரு தெளிவு பிறக்கிறது, பிறந்தும் அசைவதில்லை’ என்று வேறு எழுதியிருக்கிறார். நானா முடங்கியவன்? முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். நான் விசில் ஊதினால் தினம் நூற்றெண்பது பஸ் நகரும். அதில் ஒன்றில்கூட நான் ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

என் கவலை ஒன்றே ஒன்றுதான். அந்தத் தையல்காரம்மா கதை படிக்கிறவர், சனிக்கிழமை தவறாமல் நூலகத்துக்குப் போகிறவர். ஏழாவது கதை அவர் கண்ணில் பட்டால், இனி எந்த முகத்தோடு அந்தக் கடை வாசலை மிதிப்பேன்? உன்னிடம் சொல்வதற்கென்ன, அந்த மெஷின் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு அன்றைய பொழுது நல்லபடியாகப் போகும். அவ்வளவுதான், மற்றபடி காதல் கீதலெல்லாம் உன் கற்பனை. ஆகவே நூலகத்தில் இருந்த இரண்டு பிரதிகளில் ஒன்றை என் அட்டையிலும் இன்னொன்றை முடிவெட்டுகிறவர் அட்டையிலும் எடுத்து வந்து கட்டிலுக்கடியில் வைத்தேன். தவணை முடிந்ததும் இரண்டையும் புதுப்பித்தேன். மறுபடியும் புதுப்பித்தேன். நூலகர் என்ன நினைத்தாரோ, இப்படி ஒரு கிராக்கியா என்று இன்னும் ஐந்து பிரதி வரவழைத்து, ‘வாசகர்கள் போட்டி போட்டுப் படிக்கும் நூல்’ என்று அட்டை எழுதி வாசலிலேயே அடுக்கிவிட்டார். அந்தச் சனிக்கிழமையே முதல் பிரதியை எடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று பேன்ட்டோடு கடைக்குப் போனேன். மெஷின் மேல் உன் புத்தகம், உள்ளே அடையாளத்துக்கு இன்ச் டேப். “படிச்சாச்சா?” என்றேன். அந்தம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, “ஏழாவது கதை மட்டும் எனக்குப் பிடிக்கல சார். எழுதினவருக்குத் தையலே தெரியல. ஒரே பேன்ட்டை அத்தனை தடவை பிரிச்சுத் தெச்சா துணி தாங்குமா, கையோட வந்துடாது? அந்தம்மா எப்படிச் சமாளிச்சாங்கன்னு ஒரு வரி இல்ல. எல்லாரும் வாசல்ல நிக்கறவரையே பாத்துட்டு இருந்தா எப்படி?” என்றார். “ஒரு இன்ச் குறைக்கணும்” என்று பேன்ட்டை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அந்த ஆள் நான்தான் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை! எவ்வளவு பெரிய நிம்மதி. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அது வேறு.

அடுத்த பதிப்பில் அந்த ஆளை ஒன்று கடைக்குள்ளே அனுப்பு, இல்லையென்றால் குடை ரிப்பேர் கடைக்கு மாற்று. மறுத்தால் மாமன் ஒருவன் இருந்தான் என்பதையே மறந்துவிடு.

நீயும் உன் மனைவி மக்களும் நோய்நொடி இல்லாமல், எழுந்து நடமாடும் மனிதர்களைப் பற்றியே எழுதி, நீடூழி வாழ வாழ்த்தும்,
எந்தக் கதையிலும் இல்லாத,
உன் மாமன்.

பின்குறிப்பு: தம்பி, இதை எழுதுவது தையல்காரம்மா. கத்தரி வைக்கும் முன் பாக்கெட்டைத் துழாவிப் பார்ப்பது எங்கள் வழக்கம். மாமா இன்று பிரித்துவிடச் சொல்லிக் கொடுத்த பேன்ட்டில் இந்தக் கடிதம் இருந்தது. தேதிப்படி மூன்று வாரம் ஆகிறது, இன்னும் தபால் பெட்டிவரை போகவில்லை. படித்தது தப்புத்தான். அவர் கால் வீங்கவும் இல்லை, வாடவும் இல்லை. இந்த ஒன்பது வருடத்தில் அந்தப் பேன்ட்டில் நான் ஒரு தையல்கூடப் போட்டதில்லை, பிரித்ததும் இல்லை. இஸ்திரி மட்டும் போட்டுக் கொடுப்பேன். ‘என்னம்மா, குறைக்கவே இல்லையே’ என்று ஒரு நாள் கேட்பார், பேச்சு வளரும் என்று காத்திருந்தேன். அவரோ போட்டுப் பார்த்துவிட்டு, ‘அளவு கச்சிதம்’ என்பார். பொறுத்துப் பொறுத்து இன்று, ‘கல்யாணம் பண்ணிக்கலாமா’ என்று நானே கேட்டுவிட்டேன். வாசலில் விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். நேரம் குறித்தது அவர்தான், பத்து ஒன்றுக்கு வந்தால் விசில் ஊதுவாராம். அம்மாவை அந்தப் பெட்டியோடு கூட்டி வாருங்கள். ஏழாவது கதையை மாற்ற வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒன்று சொல்ல விட்டுப்போனது: அந்தப் பேன்ட் உண்மையிலேயே அவருக்கு ஒரு இன்ச் நீளம் அதிகம்தான். கல்யாணத்துக்காக இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குறைக்கிறேன்.