கொடிமலைச் செடி

“ப்பா, அந்தச் செடியில ஒரு இலை வேணும்.”

மகள் பிரமிளா கத்தரிக்கோலுடன் நின்றதும் நல்லமுத்து தேநீரைக் கீழே வைத்தார்.

“எதுக்கும்மா?”

“யூனிவர்சிட்டில பூச்சி பிடிக்கிற கொடிமலைக் குடுவைச் செடிங்கள ஆராயிறோம்ல. மரபணுவுல அடையாளம் இருக்கும். எந்தச் செடி எங்கேருந்து வந்துச்சுன்னு காட்டிக் கொடுத்துடும்.”

நல்லமுத்து கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்.

முப்பது வருடங்களுக்கு முன்பு, நிச்சயம் முடிந்த கையோடு, அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஃபெரியில் கடல் தாண்டி, பாகான் டாலாமிலிருந்த பெண் வீட்டுக்குப் போனார். “கொடிமலை உச்சியில உனக்காகப் பறிச்சேன்,” என்றார். ருக்குமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று முதல் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செடிக் கதை, பிறகுதான் தேநீர்.

வாங்கியது என்னவோ ஃபெரி ஏறும் ஜெட்டி பக்கத்துச் செடிக் கடையில்.

“நானே பதமா வெட்டித் தரேம்மா,” என்று மகளை அனுப்பிவிட்டு, தினமும் மலையேறும் நண்பர் அஸ்ஹரைப் பிடித்தார்.

“மலையிலேருந்து ஒரு இலை, அஸ்ஹர். என் குடும்பமே அதுல தொங்குது.”

அஸ்ஹர் கொண்டுவந்த இலை ஆய்வகத்துக்குப் போனது. சில வாரங்களில் பிரமிளா மூச்சிரைக்க வந்தாள்.

“ப்பா, மலையில நாங்க நம்பர் கட்டி வச்ச செடியும் நம்ம செடியும் அச்சா ஒண்ணு. அன்னிக்கு நீங்க அதுலதான் ஒடிச்சிருக்கீங்க. நாளைக்கு எங்க ஆய்வுத் தலைவர் டாக்டர் நூருல் ஹுதா வராங்க, தொட்டியிலேருந்து அவங்க கையாலயே இலை எடுக்கணுமாம்.”

ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நல்லமுத்து மாடிப்படிக்கு ஓடி போன் செய்தார். “எந்தச் செடியிலய்யா பிச்சே?”

“நம்பரெல்லாம் கட்டியிருந்துச்சு. நல்ல செடின்னு நினைச்சேன்லா,” என்றார் அஸ்ஹர்.

மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை. கடைக்காரரும் அந்தக் காலத்தில் மலையிலிருந்தே எடுத்து விற்றிருந்தால், இலை பொருந்தாவிட்டாலும் மலைச் செடி என்றாவது ஆகும். ஜெட்டிக்குப் பறந்தார். கடையில் பழைய முதலாளியின் மகன் ஜாஹிர் இருந்தான். நல்லமுத்து போனில் தொட்டியோடு செடியின் படத்தைக் காட்டினார்.

“தம்பி, முப்பது வருஷம் முன்ன உங்கப்பா வித்தது. எங்கேருந்து எடுத்தாருன்னு தெரியுமா?”

“முப்பது வருஷமா? போன தீபாவளிக்கு நான் வச்சுக் கொடுத்ததுண்ணே. இந்தத் தொட்டிக்கார அக்கா, ஒவ்வொரு தடவ செடி செத்ததும் இதே மாதிரி கேட்டு வருவாங்க. வீட்டுக்காரர் மலையேறிப் பறிச்சதாம், செத்தது தெரிஞ்சா மனுஷன் தாங்க மாட்டாராம்.”