என் கணவரின் மேலான கருத்து

என் கணவர் பெயரில் நான் ஒரே ஒரு முறைதான் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொத்துக்காக இல்லை, ஓர் இளவரசனின் உயிரைக் காப்பாற்றுவதற்காக. அந்த இளவரசன் கதையில் வருகிறவன் என்பதையும் சொல்லிவிட்டால், அப்போது நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் சவரிமுத்து, ஆவூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். ஜூன் மாதம் நிரந்தர ஆர்டர் கிடைக்கும் என்று பேச்சு. ஆர்டரைக் கொடுக்க வேண்டியவர் பள்ளியின் மேனேஜரான பங்குச் சாமியார். கதைப் புத்தகம் வாசிக்கிறவர்களுக்கெல்லாம் நரகத்தில் இடம் போட்டு வைத்திருப்பதாக அவர் பிரசங்கத்திலேயே சொல்வார்.

அந்த இடத்துக்கு நான் எப்போதோ துண்டு போட்டாகிவிட்டது. என் கல்யாணப் பெட்டியில் புடவைக்கு அடியில் ‘சாம்பல் மலை மகுடம்’ மூன்று பாகமும் இருந்தன. வாரப் பத்திரிகையில் நான்கு வருடம் தொடராக வந்த கதை அது. பறக்கும் குதிரை, பேசும் கிணறு, ஏழு தலைமுறைச் சாபம் எல்லாம் உண்டு. நான் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் படித்ததால் வாராவாரம் வாசிக்கக் கொடுத்துவைக்கவில்லை. என் அண்ணன் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கீரனூரில் பள்ளிக்கூட ரிஜிஸ்டர்களுக்கு அட்டை போடுகிறவரிடம் கொடுத்து பைண்டு செய்து வைத்தான்.

முதல் பாகம் எனக்கு மனப்பாடம். இரண்டாம் பாகத்தில் இளவரசன் மணிகேது குகைக்குள் போனால் வெளியே வர முப்பது வாரம் ஆகும் (நான் தாண்டிவிடுவேன்). மூன்றாம் பாகத்தின் முடிவில் அவன் கப்பலேறிப் புது நாடு தேடிப் போவான். அந்தக் கப்பலுக்காக நான் அழுத அழுகையை என் கல்யாணத்தன்றுகூட அழவில்லை.

அந்த வருடம் கதையைக் கெட்டி அட்டை போட்டு மறுபதிப்பு செய்தார்கள். நூலகத்திலிருந்து ஆசையாக வாங்கிவந்து வாசித்தேன். கடைசியில் மணிகேது நெஞ்சில் வாள் பாய்ந்து செத்துப்போகிறான். கப்பலையே காணோம். உடனே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். ‘மறுபதிப்பில் முடிவை மாற்றியது வாசகர்களுக்குச் செய்த பச்சைத் துரோகம்’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். பெண்பிள்ளை பெயர் பத்திரிகையில் வரக்கூடாதே என்று ‘எஸ். சவரிமுத்து, ஆசிரியர்’ என்று கையெழுத்துப் போட்டேன். எடை கூடட்டும் என்று பள்ளிக்கூடத்துப் பெயரையும் சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் எங்களைக் குழிக்குள் இறக்கியது.

கடிதம் பத்திரிகையில் வந்தது. அடுத்த வாரம் ஆதரவுக் கடிதங்களும் வந்தன. மணமேல்குடியிலிருந்து ஒருவர், கப்பல் காட்சியை வாசித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றும், அதை நீக்கியவர்களை மன்னிக்கவே முடியாது என்றும் எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்தது. கதையை எழுதியவரே எழுதியிருந்தார். ‘நான் எழுதாத ஒரு முடிவைத் தாங்கள் வாசித்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் நூலக விழாவுக்கு வருகிறேன். தங்கள் பிரதியுடன் வந்து மேடையில் காட்டவும்.’ போஸ்ட்கார்டை யார்தான் வாசிக்காமல் விடுவார்கள்? தபால்காரர், தலைமையாசிரியர், சாமியார் என்று எல்லோரும் வாசித்து முடித்த பிறகுதான் அது என் கணவர் கைக்கு வந்தது.

“எவனோ எம் பேருல எழுதியிருக்கான். அந்த ட்ரில் மாஸ்டர்தான். அவனுக்கும் ஜூன்ல ஆர்டர் வேணும்ல” என்று பல்லைக் கடித்தார்.

“இருக்கும்ங்க” என்றேன். (ட்ரில் மாஸ்டர் எங்கிருந்தாலும் என்னை மன்னிக்கட்டும்.)

“நான் எழுதலைன்னு சாமிகிட்டச் சொன்னேன். அதுக்கு அவரு, ‘அதை மேடையில சொல்லுங்க, நானும் கூட வாரேன். பள்ளிக்கூடத்துப் பேரைப் போட்ட கடுதாசியில இருக்குறது பொய்யின்னா, எழுதுனது யாரா இருந்தாலும் நீங்க ஜூன்ல வேற எடம் பாத்துக்கங்க’ங்கறாரு.”

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் ஓடினேன். வேலை போனால் இந்த மனிதர் எங்கே போவார்? என்னை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாரோ? பாவசங்கீர்த்தனக் கூண்டில் பாவத்தைச் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்றால், கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவரும் அதே சாமியார்!

ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸுக்காகக் கண்மாய்க் கரையில் நடந்தோம். சாமியார் குடையோடு முன்னால் போனார். நூலக விழாவைப் பார்த்ததே இல்லை என்று அடம்பிடித்து நானும் கிளம்பியிருந்தேன். என் பைக்குள் துண்டில் சுற்றிய மூன்றாம் பாகம். பஸ் நிற்கும் இடம் தெரிந்ததும் இனித் தாங்காது என்று ஆகிவிட்டது.

“என்னங்க, அந்தக் கடுதாசி நான் எழுதுனதுங்க.”

நின்றுவிட்டார். என் முகத்தையே பார்த்தார்.

“அந்த முடிவு நெசமாவே இருக்கா?”

“மாதா சத்தியமா இருக்குங்க. பைக்குள்ள இருக்கு.”

முன்னால் போகிற குடையைப் பார்த்தார். பிறகு, “அப்ப நான்தான் எழுதுனேன். எழுதலைன்னு சொன்னது பயத்துலன்னு சாமிகிட்டச் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத” என்று பையை வாங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்கு நிஜமாகவே பிரியம் வந்தது அந்த நிமிடத்தில்தான்.

மண்டபம் நிறைய ஜனம். சாமியார் முதல் வரிசை. நான் பெண்கள் பக்கம், தூணோரமாக. கணவரை மேடைக்குக் கூப்பிட்டு, எழுத்தாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாம் பாகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மெலிந்த, சாதுவான மனிதர். ஓர் இடத்தில் கை நின்றது.

“இதிலிருந்து கடைசி பதினோரு அத்தியாயமும் என்னுடையது இல்லை. இதே பத்திரிகையில் வந்த வேறொரு கதை. படம் போட்டவர் ஒருவரே, அதனால் பைண்டு செய்தவர் கலந்துவிட்டார். அது போகட்டும் சார், மணிகேது இந்தப் பக்கத்திலிருந்து அமரசேனன் ஆகிவிட்டானே, அதைக்கூடவா கவனிக்கவில்லை?”

என் கணவர் மணிகேதுவையும் அறியார், அமரசேனனையும் அறியார். வேர்த்துக் கொட்டியது. “அது வந்துங்க...” என்றார். சாமியார் எழுந்து நின்றுவிட்டார். வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை.

“மாறுவேசம்னு நெனச்சேங்க!” என்று தூணோரத்திலிருந்து கத்தினேன்.

மண்டபமே திரும்பியது. தூணைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்: “அவன் வளையல்காரனா வந்தான், சாமியாரா வந்தான், ஒவ்வொரு தடவையும் புதுப் பேரு. இதுவும் அப்பிடித்தான்னு நெனச்சுட்டேன். கடுதாசி எழுதுனது நான்தாங்க. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. அவுக ஒரு பாகங்கூட வாசிச்சதில்ல!”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. (மணமேல்குடிக்காரர் கூட்டத்தில் இருந்திருந்தால் பின்வாசல் வழியாகப் போயிருப்பார்.) எழுத்தாளர் மட்டும் சிரிக்காமல் எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். “தப்பு என்மேல்தான் அம்மா. இருபது தடவை வேஷம் போட வைத்தேன். இருபத்தொன்றாவது தடவை நீங்கள் நம்பியதில் என்ன ஆச்சரியம்?”

சாமியார் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிவரும் பஸ்ஸில் பேசவில்லை. அதற்கடுத்த மாதங்களில் பேசவில்லை. நான் கோயிலில் கடைசி வரிசைக்கும் பின்னால் முழங்காலிட்டேன். ஒவ்வொரு பூசையிலும், இன்று பிரசங்கத்தில் நான் வருவேனா என்று நடுங்கினேன். வீட்டுச் சாமான்களைக்கூட ஒருமுறை மனதுக்குள் மூட்டை கட்டிப் பார்த்தேன்.

ஜூன் முதல் வாரம் கணவரை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். போனவர் வெகுநேரம் கழித்து, சட்டைப் பையில் ஒரு காகிதத்தோடு வந்தார். நிரந்தர ஆர்டர்! நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

“சாமி ஏதாச்சும் சொன்னாகளா?”

“சொன்னாரு” என்றார் கணவர். “ஆர்டரை வாங்கிக்கிட்டேன்னு ரெண்டு காப்பியில கையெழுத்துக் கேட்டாரு. வீட்டுல போய் நிதானமாப் படிச்சுட்டுப் போட்டுக்கிட்டு வாரேன் சாமின்னேன். அதுக்கு அவரு, ‘வேணாம் வாத்தியாரே, இங்கிட்டே என் முன்னால ஒக்காந்து போடுங்க. வீட்டுக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிறாதீங்க’ன்னாரு.”

இப்போது என் பேரப்பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டு வந்தாலும் சரி, பேங்கு காகிதம் வந்தாலும் சரி, பேனாவைத் தேடுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை: “வீட்டுக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிறாதீங்க.”