முதலில் வந்தவன் தோற்றான்

உலகத்திலேயே முதலில் வந்தவனைத் தோற்கடிக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ரூல்ஸ் மாமாதான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும்.

மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், ஐஸ் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் ஆலங்குடி. தென்னை தெரியும், கடல் தெரியாது. அந்த ஊர்த் திருவிழாவில் படகுப் போட்டி நடக்கும். ஒல்லியான இரண்டு ஃபைபர் ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, குறுக்கே சட்டம் கட்டி, பாயை ஏற்றினால் போட்டிப் படகு தயார். ஒருவன் பாய் கல்யாணப் பந்தல் அளவு இருக்கும், இன்னொருவன் பாய் வேட்டி அளவு. ஜெயித்தவனைத் தோற்றவன் சும்மா விடுவானா? வருஷா வருஷம் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் அடிதடிதான். ஒரு தடவை மண்டையே உடைந்தது. இன்னொரு சண்டை வந்தால் இனி போட்டியே கிடையாது என்று இன்ஸ்பெக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மாமா களத்தில் இறங்கினார். வளைகுடாவில் ஒரு படகு கிளப்பில், இதே மாதிரி இரட்டைப் படகுகளைக் கழுவித் துடைத்துக் காலம் தள்ளிவிட்டு வந்தவர். அங்கே ஓடத்தின் நீளம், பாயின் அளவு, ஆளின் எடை எல்லாம் பார்த்து ஒவ்வொரு படகுக்கும் எவ்வளவு வேகம் வரும் என்று ஒரு ரேட்டிங் போடுவார்களாம். நமக்கும் அதுதான் மருந்து என்றார்.

போட்டியன்று காலை, மீன் ஏலக்கூடத்துத் தராசில் ஆட்களை ஏற்றினார். எடை குறைந்தவன் படகில் மணல் மூட்டை வைத்துக்கொள்ள வேண்டும். தெற்குத் தெரு காளி ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். மூட்டைக்குப் பயந்து பானைச் சோற்றைக் காலி செய்துவிட்டு வந்தான். எடை சரியாக இருந்தது, ஆனால் அவனால் குனிய முடியவில்லை.

பிறகு மைக்கில் விளக்கம் கொடுத்தார். "பெரிய பாய்க்காரன் முன்னாடிதான் வரணும். எம்புட்டு முன்னாடின்னு நாஞ் சொல்லுவேன். அம்புட்டுக்கு வரலைன்னா, பின்னாடி வந்த சின்னப் படகுதான் ஃபர்ஸ்ட்டு."

ஊர் பயபக்தியோடு கேட்டது. கேட்டுவிட்டு, கடைசியில் வருகிறவனுக்குத்தான் பரிசு என்று முடிவு கட்டிக்கொண்டது.

படகுகள் கிளம்பின, மிதவையைச் சுற்றின, பறந்து வந்தன. எல்லைக் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது அத்தனை பேரும் பாயை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். போன திருவிழாவில் காளியின் சட்டையைக் கிழித்த வடக்குத் தெரு ஜேசு, பந்திக்கு அழைப்பது போலக் கையை நீட்டினான்.

"நீங்க முன்ன போங்கண்ணே."

"இருக்கட்டும் தம்பி, நீ போ" என்றான் காளி.

சீக்கிரம் வாங்கய்யா என்று மாமா மைக்கில் தொண்டை கிழியக் கத்தினார். தங்களைச் சோதிக்கிறார் என்று அவர்கள் இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் காற்றுக்கே பொறுமை போய், எல்லோரையும் ஒரே கும்பலாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. ஜேசுவின் படகு திரும்பிக்கொண்டு பின்பக்கமாக வந்து சேர்ந்தது.

யார் ஜெயித்தது என்று, காவலுக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மணலில் குந்தி, குச்சியால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தெருக்காரர்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று ஜேசு கேட்க, அதையே காளியும் கேட்க, மாமா அழித்து அழித்து எழுதினார். யாரை அடிப்பது என்று தெரிந்தால்தானே அடிக்க முடியும்? தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தவர்களை இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த வருஷமும் நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்த நல்ல சேதியை நான் போய்ச் சொன்னேன். மாமாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. கண் கலங்கியிருந்தது.

"சண்டை கெடக்கட்டும்யா. எவன் நல்லா ஓட்டுறானோ அவன் ஜெயிக்கணும்னுதானே இம்புட்டும். இப்பவாச்சும் வெளங்குச்சா?"

காளி ஜேசுவைப் பார்த்தான். ஜேசு என்னைப் பார்த்தான். நல்லா விளங்கியது மாமா என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம். அப்போது அந்த முகம் மலர்ந்ததே, அதற்காக நாங்கள் இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லுவோம்.