எரியும் மாடியில் ஒரு சொல்லாராய்ச்சி

உலகத்தை ஆளும் ரோமாபுரியில் தீயைக்கூட இலக்கணப் பிழையில்லாமல்தான் அணைப்பார்கள். இந்தப் பெருமையை ரொட்டிக்கடைக்காரி பெட்டிலியா கண்ணாரக் கண்டாள். மூன்றாம் மாடி ஜன்னலில், புகைக்கு நடுவே நின்றபடி.

மாடிப்படி எரிந்து விழுந்திருந்தது. கீழே தீயணைப்புப் படை வந்ததும்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பியது. படைத்தலைவர் பக்கோனியஸ் கம்பீரமாகக் கையை உயர்த்தி, "எக்ஸ்ப்ளிகாத்தியோ!" என்று முழங்கினார்.

லத்தீனில் விரித்தல் என்று பொருள். கயிற்றுச் சுருளை விரிப்பதும் அதுதான், படையை வரிசையாக விரிப்பதும் அதுதான், விஷயத்தை விரித்து விளக்குவதும் அதுதான். கட்டுப்பாடு மிக்க படையல்லவா? இருவர் கயிற்றைப் பிரித்தார்கள். பத்துப் பேர் தெரு நெடுக அணிவகுத்து அந்த இருவரையும் சாக்கடையில் தள்ளினார்கள். மற்றவர்கள், தீ என்றால் என்னவென்று கூட்டத்துக்கு விளக்கத் தொடங்கினார்கள்.

"யோவ், கயித்தைப் போடுங்கய்யா! முடி கருகுது!"

"பொறும்மா," என்றார் பக்கோனியஸ். "எந்த அர்த்தத்துல சொன்னேன்னு எனக்கே இப்போ சந்தேகமாயிடுச்சு."

எதிர்வீட்டு இலக்கண ஆசிரியர் ஹொஸ்டிலியஸை அழைத்து வந்தார்கள். அவர் வாயில் ஆலிவ்கொட்டை இருந்தது, துப்பிவிட்டு ஆராய்ந்தார்.

"மேடையில சொன்னா விளக்கம். கப்பல்ல சொன்னாத்தான் கயிறு. இது கப்பலா?"

"இல்லீங்க."

"அப்போ கயித்தைச் சுருட்டுங்க."

சுருட்டினார்கள்.

"அடப் பாவிங்களா! கயிறு! கயிறு!" என்று பெட்டிலியா அலறினாள்.

"ஒத்தைச் சொல்லா கத்தினா எப்படிம்மா? முழு வாக்கியமா சொல்லு," என்றார் ஆசிரியர்.

பெட்டிலியா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். கீழே சலவைக்காரர்கள் துணி வெளுக்கத் தெருவாரிடம் சேகரித்து வைத்த மூத்திரத் தொட்டி. கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள்.

கல்விமான்கள் மூக்கைப் பொத்தி வரவேற்றார்கள்.

"யாரைக் கேட்டுக் குதிச்சே? விளக்கம் குடு," என்றார் பக்கோனியஸ்.

அவள் மேலாடையை அவிழ்த்து அவர் தலைமேல் நிதானமாகப் பிழிந்தாள். "இது எந்த அர்த்தம்னு வாத்தியாரையே கேளுங்க."

அன்று அந்தத் தெருவே சாம்பலானது. தீயைப் பற்றி ஹொஸ்டிலியஸ் எழுதிய நீண்ட விளக்க அறிக்கையைப் படித்த நகரப் பெரியவர்கள் மனமுருகிப் படைக்கு மாலை சூட்டினார்கள். ரோமாபுரி நிர்வாகத்தை இனி யார் குறை சொல்ல முடியும்? எரிந்த வீடுகளில் ஒன்றுகூட விளக்கமில்லாமல் எரியவில்லை.