ஹோமர் டில்மனின் மூன்று நிமிடம்

கார்வர் ஃபால்ஸ் நகரசபையை இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கை பார்த்துவிடுவது என்று ஹோமர் டில்மன் முடிவு கட்டிவிட்டார். முப்பது வருஷப் பகை. கொல்லையில் அவர் போட்ட ஷெட், பக்கத்து வேலியை விதிக்கு மேல் ஒன்பது அங்குலம் நெருங்கிவிட்டதாகச் சொல்லி, சபை அதை இடிக்கச் சொன்னது. இடித்தார். ஆனால் அந்த ஒன்பது அங்குலம் மட்டும் நெஞ்சுக்குள் அப்படியே நின்றுகொண்டது.

இப்போது அதே சபை, மெயின் தெருவில் பூட்டிக் கிடக்கும் பழைய ஜவுளிக்கடைக் கட்டடத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுத்து, அறுபது வீடுகளாக மாற்றச் சொல்லப் போகிறதாம். பாதி வீடுகள் வயதானவர்களுக்குக் குறைந்த வாடகையில். அதற்காகக் கம்பெனிக்குப் பதினைந்து வருஷம் சொத்துவரி கிடையாது. அது போதாதென்று, நகரமே கடன் பத்திரம் விற்றுப் பணமும் திரட்டிக் கொடுக்கும்.

"எனக்கு ஒம்போது அங்குலம் விட்டுக்குடுக்கல. அவனுக்குப் பதினஞ்சு வருஷம் விட்டுக்குடுக்குறானுங்க!" என்று காலைச் சாப்பாட்டு மேஜையில் கத்தினார் ஹோமர்.

"இரு, வந்து கேக்குறேன்" என்றாள் மனைவி எர்லீன், மாடிப்படியிலிருந்து. முழங்கால் போனதிலிருந்து அவள் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். பதினாலு படி. வந்து சேர்வதற்குள் ஹோமரின் கோபமும் காபியும் ஆறிவிட்டன.

"அங்க லிஃப்ட் வருதாமே, ஹோமர்?"

"நம்ம வரிப்பணத்துல ஏறி இறங்கவா? படிக்குக் கைப்பிடி வச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"பதினோரு வருஷமா சொல்ற."

"முட்டை ஏன் இன்னிக்கு கல்லு மாதிரி இருக்கு?"

"கோழியைக் கேளு."

சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். ஆனால் மூன்றே நிமிடம். மணி அடித்ததும் மைக்கை அணைத்துவிடுவார்கள். எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் ஹோமர். திட்டுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, எழுதுவதுதான் வராது. அதனால் அவர் சொல்லச் சொல்ல எர்லீனே பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். ஒரு யோசனையும் சொன்னாள்.

"எடுத்த உடனே திட்டாத. வழக்கமா திட்டுற கிழவன்னு காதை மூடிப்பாங்க. முதல்ல அவங்க பக்கத்து நியாயத்தை எல்லாம் நீயே சொல்லிடு, உருக்கமா. ரெண்டு பக்கம். அப்புறம் ரெண்டு பக்கத்துல ஒண்ணொண்ணா அடிச்சு நொறுக்கு. பெரிய வக்கீலுங்க அப்படித்தான் பேசுவாங்க."

ஹோமருக்குப் புல்லரித்தது. இவளுக்கு இவ்வளவு மூளையா என்று முதல்முறையாக வியந்தார். வியந்ததோடு விட்டிருக்கக் கூடாது, யோசித்தும் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை.

முட்டை வேக நேரம் பார்ப்பதற்காக அடுப்பு மேல் வைத்திருந்த மணல் கடிகாரத்தை எர்லீன் எடுத்து வந்து கவிழ்த்தாள். "சர்ச் விற்பனையில போன வாரம் வாங்கினேன். மூணு நிமிஷம். பேசு."

நாலு பக்கமும் முடியவும் கடைசி மணல் விழவும் சரியாக இருந்தது. ஏழு தடவை ஒத்திகை. ஏழு தடவையும் கனகச்சிதம்.

செவ்வாய்க்கிழமை ஹோமர் டை கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். சபை உறுப்பினர்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"இந்த ஊரில் வயதானவர்களுக்கு வீடு வேண்டும். காலிக் கட்டடம் வரி கட்டாது, வீடுகள் ஒருநாள் கட்டும்."

பெருமூச்சு நின்றது. அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் பக்கம் போனார்.

"என் வீட்டில் பதினாலு படி. என் மனைவி அதில் உட்கார்ந்துகொண்டே இறங்குகிறாள். விழுந்தால் யார் பொறுப்பு?"

ஒத்திகையில் வராத ஒன்று அங்கே வந்தது. குரல் உடைந்தது. அவரே எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். ஹோமர் சுதாரித்து, மூன்றாம் பக்கத்தைப் புரட்டி, விரலை உயர்த்தினார்.

"ஆனால்..."

மணி அடித்தது. மைக் செத்தது.

"இனிமேதான்யா விஷயமே இருக்கு! ஒம்போது அங்குலம்!" என்று அவர் கத்தியது கைதட்டலில் காணாமல் போனது.

அதுவரை எந்தப் பக்கம் என்று சொல்லாத உறுப்பினர் குரூம் எழுந்தார். "முப்பது வருஷமா இந்தச் சபை செஞ்ச எதையும் நல்லதுன்னு சொல்லாத மனுஷன் ஹோமர் டில்மன். அவரே சொல்றப்ப நான் யாரு குறுக்க நிக்க?"

நாலுக்கு மூணு. திட்டம் நிறைவேறியது.

கூட்டத்துக்கு வந்திருந்த எர்லீனை ஏற்றிக்கொண்டு ஹோமர் வீடு திரும்பினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின் கேட்டார். "அந்த மணல் கடிகாரம் எத்தனை நிமிஷம், எர்லீன்?"

"அடியில ஆறுன்னு போட்டிருக்கு. கண்ணாடி மாட்டிப் பாத்திருக்கலாம்."

"மூணுன்னு என்கிட்ட பொய் சொன்னியா?"

"கைப்பிடி வைக்கிறேன்னு நீ சொன்னியே, அதைவிடச் சின்னப் பொய்தான்." கைப்பையிலிருந்து வீட்டு விண்ணப்பத்தின் நகலை எடுத்தாள். "மூணாவது மாடி, லிஃப்டுக்குப் பக்கத்துல. ரெண்டு பேர் பேரும் எழுதிக் குடுத்தாச்சு."

ஹோமர் மாடியில் தெரிந்த படுக்கையறை ஜன்னலைப் பார்த்தார். அவள் முழங்காலைப் பார்த்தார். மானம் போனாலும் ஒரு கேள்வியாவது மிச்சமிருந்தது.

"அங்க ஷெட் போட இடம் இருக்குமா?"

"வரைபடத்தை அளந்து பாத்துட்டேன். பால்கனியில நாற்காலி போட்டது போக, ஒம்போது அங்குலம் இருக்கு."