உயர்ந்த இடத்தில் உட்கார்ந்தவள்

நாரின், மார்ச் 14

மதிப்புக்குரிய புரூல் அக்காவுக்கு, தம்பி குபாத் தலைதாழ்த்தி எழுதுவது. தலாஸில் ஆடு மாடு, அத்தான், மூட்டுவலி எல்லாம் எப்படி இருக்கின்றன? மூட்டுவலி மட்டும் நலமாக இருக்க வேண்டாம்.

மகன் எர்மெக் அடுத்த வாரம் ஒரு பெண்ணைத் தூக்கி வரப்போகிறான், அவள் தலையில் போட்டுக் கல்யாணத்தை உறுதியாக்க வெள்ளை முக்காட்டோடு வாருங்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, வர வேண்டாம். காரணம் ஒரு நாடகம். பால் பண்ணையில் பால் சோதிக்கும் நுர்சாத் எழுதியது. மாப்பிள்ளையின் அப்பாவாக நடிக்க ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்தாள். தூக்கி வந்த பெண்ணுக்குக் கல்யாண விருந்து, கூடத்தில் பெரியவர்களை உட்கார வைக்கும் உயர்ந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒரு கிழவி, அவளை என் சொந்தம் என்று மேடை மனைவியும், மேடை மனைவியின் சொந்தம் என்று நானும் நினைத்து நல்ல கறியாகப் பார்த்து வைக்கிறோம். "இவ யாரும்மா?" என்று ஒத்திகையில் கேட்டேன். "சொல்ல மாட்டேன் மாமா. யாருன்னு தெரிஞ்சா அவளுக்குப் பதில் சொல்லிட்டுப் போயிடுவீங்க. தெரியலைன்னா உங்களுக்கே சொல்லிக்கணும்," என்றாள்.

நாடகத்தன்று என் ஒட்டுமீசை கழன்று சூப்பில் விழ, அதை எடுக்கக் குனிந்ததில் இடுப்புக்கச்சை அவிழ, அதைப் பிடித்ததில் தேநீர் சமோவார் சாய்ந்து முன்வரிசை நனைய, ஊரே வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிழவி என்னைப் பார்த்து, "பொண்ணுகிட்ட கேட்டீங்களா?" என்றாள். "அதை எதுக்குக் கேக்கணும்?" என்பது என் வசனம். நாற்பது தடவை சொல்லிப் பழகியது. வாயில் வரவில்லை அக்கா. "கேக்கலை," என்றேன். சிரிப்பு நின்றது. மூன்றாம் வரிசையில் என் மனைவி சல்கின் எழுந்தாள். "என்கிட்டயும் கேக்கலை," என்றாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். பின்னால் நாலு பேர். அப்புறம் எண்ண முடியவில்லை. நாற்காலிகள் மடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மலை எழுந்து நிற்பதைப் பார்த்தவன் மாதிரி, மீசையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் எர்மெக்கிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டேன். "கூட்டாளிங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேனேப்பா," என்றான். "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியாடா?" என்றேன். பஸ்ஸில் போய்க் கேட்டானாம். முடியாது என்றாளாம். முகம் தொங்கிக் கிடக்கிறது. சாப்பாடு மட்டும் குறையவில்லை. ஆகவே நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம்.

உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், இந்த வசந்தத்தில் ஆடுகள் இரட்டைக் குட்டி போடட்டும்.

தம்பி குபாத்

பி.கு.: இதைச் சல்கினிடம் படித்துக் காட்டினேன். "அக்காவை வரச் சொல்லுங்க," என்கிறாள். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் நான் தூக்கி வந்த அன்று, அழுதுகொண்டிருந்தவளின் கையை அழுத்திப் பிடித்து முக்காட்டைப் போட்டது நீங்கள்தானாம். உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டுமாம். வாருங்கள் அக்கா. என்னிடம் பேசி முடித்துவிட்டாள்.